ஏழாம் நம்பர் வண்டி

எனக்குச் சொந்த ஊர் திருத்தணி; திருப்பதியில் ஹோட்டல் சமையல் வேலை. மனைவி இறந்தபோது, "நீயே அழுதா பசங்க என்னா ஆவும்?" என்றார்கள் எல்லோரும். நானும் அழவேயில்லை.

ஒரு மாலை பஸ் நிலையத்தில், "கிளம்பிட்டேன்" என்று சொல்ல, பழக்கதோஷத்தில் அவள் எண்ணை அழுத்திவிட்டேன். சட்டென்று அணைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த தெலுங்கு அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏடவண்டி, பரவாலேது, ஏடவண்டி" என்றார்.

எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஏடு என்றால் ஏழு. ஏழாம் நம்பர் வண்டி என்கிறார், என் பஸ் ஏழாம் பிளாட்பாரத்தில் நிற்கிறதாக்கும் என்று ஓடிப்போய் ஏறினேன். அது திருத்தணி பஸ் இல்லை, மதனப்பள்ளி பஸ். பின்னாலேயே வந்த அந்த அம்மா கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். சித்தூர்க்காரரான அவர் என்னிடம் தமிழில் சொன்னார்:

"அண்ணா, அந்தம்மா வண்டியச் சொல்லல. உன்ன அழுவச் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுகை பீறிட்டது. பஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலோடு கீழேயே நின்றிருந்தார்.

இப்போதெல்லாம் நான் யாரிடமும் "அழாதே" என்று சொல்வதில்லை. அம்மா நினைவில் என் சின்ன மகளின் முகம் சுருங்கினால், "ஏழாம் நம்பர் வண்டி வருதாம்மா?" என்று கேட்பேன். தலையாட்டிக்கொண்டே மடியில் வந்து விழுவாள். இருவருமாக ஏறிக்கொள்வோம்.