இரண்டு மதிலோரம் நின்று இழுத்த ஃபிரீசர்

எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஓ.எல். சோதனை வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள்.

ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் என் அண்ணன்மார் இருவரும் நடத்திய பலசரக்குக் கடையில் கல்லாவில் இருந்தேன். அம்மாவின் செத்தவீட்டில் கொள்ளி யாருக்கு என்று தொடங்கிய சண்டை, கடையை மூடுவதில் முடிந்தது. அதுவரை ஒரே கடைக்குள் நின்றுகொண்டு என் வழியாகத்தான் பேசினார்கள். “பால் வந்திட்டுது எண்டு அவரிட்டைச் சொல்லு.” அவர் பக்கத்தில்தான் நிற்பார். நானும் சொல்லுவேன். இப்படியே பிரிந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

கடைசி நாள், மீன் வைக்கும் பெரிய ஃபிரீசரை, இரு பக்கமும் மதில் உள்ள பின்வளவால் கேற்றடிக்கு இழுக்க வேண்டியிருந்தது. அடியிலிருந்த சில்லுகள் உருளாமல் இறுகியிருந்தன. முன்பக்கம் ஒரே இடத்தில் இரண்டு கயிறு கட்டினோம். கிட்ட நிற்க மனமில்லாமல் ஒருவர் இடது மதிலோரமும் மற்றவர் வலது மதிலோரமும் நின்று இழுத்தார்கள். அது அசையவில்லை.

“சாப்பிட்டிட்டு வந்து இழுக்கச் சொல்லு,” என்றார் பெரியண்ணை.

“வயித்தை மதிலிலை சாத்திக்கொண்டு நிண்டா ஃபிரீசர் வருமோ எண்டு கேள்,” என்றார் சின்னண்ணை.

பள்ளியில் படித்ததில் இணைகரம் மட்டும் மனதில் நின்றது. மூடியின் தூசியில் விரலால் கீறினேன். இரண்டு கயிற்றுக்கும் இரண்டு கோடு, அவற்றுக்கு இணையாக இன்னும் இரண்டு. கயிறுகள் சேரும் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு கோடு. அதுதான் விளையுள், இரண்டு பேரின் இழுவையிலும் ஃபிரீசருக்கு உண்மையில் சேர்வது. கோடுகள் அகன்றிருந்ததால் அது கட்டையாக இருந்தது. பக்கத்தில் ஒடுக்கிக் கீறினேன். நீண்டது.

“இதென்ன, போற நேரத்திலை கோலமோ?” என்றார் பெரியண்ணை.

“கிட்ட நிண்டு இழுங்கோ அண்ணை. ரெண்டு பேரும்.”

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

வந்தார்கள். தோளோடு தோள் முட்ட இழுத்தார்கள். ஃபிரீசர் கிறீச்சிட்டுக்கொண்டு நேரே கேற்றடிக்குப் போனது.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. சின்னண்ணையின் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. பெரியண்ணை அதையே பார்த்தார். இப்போது பேசிவிடுவார் என்று நினைத்தேன்.

“கையைக் கழுவச் சொல்லு,” என்றார் என்னிடம்.

முதன்முறையாக நான் சொல்லவில்லை. அவரே சொல்லட்டும் என்று நின்றேன். அவர் கேற்றைத் திறக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பெரியண்ணை தனியே போய்க் கடையைப் பூட்டி, திறப்பைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்தார். மத்தியானம் சின்னண்ணை குடும்பத்தோடு பர்மிங்காமுக்குக் குடிபோனார்.