ஹேண்ட் பிரேக்கும் எலுமிச்சம்பழமும்

போன வாரம் இந்தப் பக்கம் அச்சுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் கோபித்துக்கொண்டார். நான் என்ன செய்வேன்? என் பேனா பூஜையில் இருந்தது.

சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வைத்த பேனாவை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எடுத்துப் பார்த்தால் நிப்பில் மை காய்ந்து கிடந்தது. வெந்நீரில் கழுவினேன், எழுத ஆரம்பித்துவிட்டது. ஆனால் எதிர்வீட்டு லாரியும் அதே பூஜையில்தான் இருந்தது. அது அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை.

எதிர்வீடு சங்கரபாண்டியன் அண்ணாச்சி வீடு. யுத்தம் முடிந்து மிலிட்டரி கழித்துவிட்ட லாரிகளை ஏலம் போட்டபோது ஒன்றை எடுத்து வந்தவர். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டுப் பருத்தியையும் மிளகாய் வற்றலையும் ஏற்றிக்கொண்டுபோய் ஊர் ஊராக இறக்குவது தொழில். அந்த வீட்டில் மனிதருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு கஷாயத்தோடு சரி. லாரி ஒரு தும்மல் போட்டால் வீடே படுத்துவிடும்.

இந்த ஆவணியில் அவர் மகன் குமாரசாமிக்குக் கல்யாணம் நடந்தது. பெண் பெயர் ஆவுடை, ஊர் இளையரசனேந்தல். அவள் வந்த கையோடு லாரியின் ஆக்ஸில் உடைந்தது. புரட்டாசி பிறந்ததும் ஒரு லோடு பருத்தி மழையில் நனைந்தது.

மழை பெய்த மறுநாள் கரிசலில் லோடு வண்டியை இறக்கினால் ஆக்ஸில் உடையத்தான் செய்யும். தார்ப்பாயில் ஓட்டை இருந்தால் பருத்தி நனையத்தான் செய்யும். இதற்கெல்லாம் ஒரு மருமகள் வர வேண்டுமா? ஆனால் எதிர்வீட்டில் பேச்சு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 'பெண் வந்த நேரம்' என்று முதலில் ஆரம்பித்து வைத்தவர் அண்ணாச்சியின் அக்கா. திருவேங்கடத்தில் வாழ்க்கைப்பட்டவர், நவராத்திரிக்குத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார்.

அண்ணாச்சியின் மனைவி — எனக்கு மதினி முறை — கெட்டவர் இல்லை. யார் என்ன சொன்னாலும் மனதில் போட்டுக்கொள்கிறவர், அவ்வளவுதான். பூஜைக்கு மாவு சலிக்கச் சல்லடை வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், போகிறபோக்கில் என் மனைவியிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். தலைதீபாவளிக்கு ஆவுடை மட்டும் ஊருக்குப் போகட்டும் என்று யோசிக்கிறார்களாம். கொஞ்ச நாள் அங்கேயே இருந்துவிட்டு வரட்டுமாம்.

மாப்பிள்ளை இல்லாமல் ஒரு தலைதீபாவளியா? கல்யாணமான வருஷம், தீபாவளிக்கு முதல் நாள், ஒரு பெண் தனியாக டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த ஊருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 'கொஞ்ச நாள்' என்பது எத்தனை வருஷம் வரை நீளும் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் எதிர்வீட்டு விவகாரம்... உள்ளே புகுந்து என்னவென்று பேசுவது?

இந்த நிலைமையில்தான் பூஜை வந்தது.

பூஜைக்கு முதல் நாள் லாரியைக் குளிப்பாட்டினார்கள். ஆமாம், குளிப்பாட்டத்தான் செய்தார்கள். நம் பக்கத்தில் மாட்டுக்கு என்ன மரியாதையோ அதுதான் லாரிக்கும். குளத்துக்குள் ஓட்டி, சக்கரம் பாதி முங்கும்படி நிறுத்தி, வைக்கோலைச் சுருட்டி வைத்துத் தேய்ப்பது. இந்த வருஷம் மழை முந்திக்கொண்டதால் குளத்தில் தாராளமாகத் தண்ணீர் கிடந்தது. லாரி மத்தியானம் முழுவதும் சுகமாக ஊறியது.

கரையேறியதும், கொஞ்ச தூரம் சும்மா ஓட்டிப் பிரேக்கைக் காயவைத்துக்கொண்டு வரலாமா என்று டிரைவர் அந்தோணி கேட்டிருக்கிறார். கழுவின சக்கரத்தில் மறுபடியும் புழுதியா என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். லாரி நேராக வீட்டு வாசலுக்கு வந்தது. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூமாலை எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

இந்த எலுமிச்சம்பழத்தில் ஒரு நுட்பம் உண்டு. விஜயதசமி காலையில், நல்ல நேரத்தில், லாரி அதன்மேல் ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் தவறிக்கூட நசுங்கிவிடக் கூடாது. எங்கள் தெருவோ மேற்கே லேசாகச் சரிகிற தெரு. லாரியும் மேற்கே பார்த்துத்தான் நின்றது. உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுக்கலாம் என்று அந்தோணி கல்லோடு வந்தார். குங்குமம் வைத்த சக்கரத்துக்குக் கல்லா? அண்ணாச்சி தாமே ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அந்தச் சத்தம் என் வீட்டு ஜன்னல் வரை கேட்டது.

அதோடு சரி. இனி விஜயதசமி வரை யாரும் லாரியைத் தொடக்கூடாது.

பிரேக் டிரம் என்பது மூடிபோட்ட ஓர் இரும்புச் சட்டி. உள்ளே போன தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது. அந்தச் சட்டியை உள்ளிருந்து நெருக்கிப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்துகிற சமாசாரத்துக்கு ஷூ என்று பெயர். ஈரச் சட்டியும் ஈர ஷூவும் இறுக்கி அணைத்தபடி இரண்டு ராத்திரி கிடந்தால் துரு சும்மா இருக்குமா? இதெல்லாம் பிற்பாடு அந்தோணி சொல்லித் தெரிந்தது. பூஜையன்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது சுண்டலும் பொரிகடலையும்தான்.

விஜயதசமி காலையில் தெருவே கூடிவிட்டது. புதிதாக வந்த மருமகள் ஆரத்தி எடுத்து லாரியை அனுப்ப வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஆவுடை எடுத்தாள். கற்பூரம் எரிந்தது. அந்தோணி ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முதல் கியரைப் போட்டார்.

லாரி உறுமிற்று. பின்பக்கமாகக் குந்திற்று. நின்றுவிட்டது.

மறுபடி ஒருமுறை. மறுபடியும் அதே குந்தல். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளினார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து தள்ளினார். சக்கரம் அசைந்தால்தானே? நாலு எலுமிச்சம்பழமும் கடையில் வாங்கியது வாங்கியபடி மினுமினுவென்று இருந்தன.

அந்தோணி இறங்கிவந்து பின்சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார். டிரம்மின் மேல் சுத்தியலால் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம் என்றார். பூஜை போட்ட சக்கரத்தைச் சுத்தியலால் அடிப்பதாவது என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பதறினார்கள். அவர் ஒதுங்கி நின்றுகொண்டார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஆரத்தி எடுத்த கை அப்படி இருந்தா, லாரி என்ன செய்யும் பாவம்."

தெரு முழுவதும் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தது. கற்பூரம் அணைந்துபோன தட்டோடு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மதினி மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போகத் திரும்பினார். தலைதீபாவளி விஷயம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. எனக்குக் கோபமான கோபம். லாரி நகரவில்லை என்றால் லாரியைப் பார்ப்பதுதானே? அந்தப் பெண்ணின் கையை என்னத்துக்குப் பார்க்கிறார்கள்?

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நானும் கலைத்ததில்லை. அந்தோணியைத் தள்ளி அழைத்துப்போய், என்னதான் ஆயிற்று என்று கேட்டேன்.

"பிரேக்கு துருவுல பிடிச்சுக்கிட்டுது, ஐயா. முன்னால இழுக்க இழுக்க இன்னும் கவ்வத்தான் செய்யும். ரிவர்ஸ்ல ஒரு உதறு உதறுனா விட்டுரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா நான் எப்படிச் சொல்லுதது? நான் வேதக்காரன். பூஜை அன்னைக்கு வண்டியப் பின்னால எடுங்கன்னு சொன்னா என்னைய என்ன நினைப்பாவ?"

அவர் கஷ்டம் நியாயமானது. வேதக்காரர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கிறிஸ்தவர்களை. சரி, நானே சொல்லிவிடலாம் என்று போய்ச் சொன்னேன். அண்ணாச்சி என்னை முறைத்தார்.

"விஜயதசமி அன்னைக்கு முதல் அடியே பின்னாலயா? நீரு இன்னைக்குக் கடைசி வரியில இருந்தா எழுத ஆரம்பிப்பீரு, வே?"

நல்ல கேள்வி. நல்ல நேரம் முடியப் போகிறது என்று கூட்டத்தில் யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

ஆவுடை தட்டை வாசற்படியில் வைத்தாள். முன்சக்கரத்தருகே போய்க் குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். அடுத்த சக்கரம், அதற்கடுத்த சக்கரம் என்று நாலையும் எடுத்தாள். பிறகு நிதானமாக லாரியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் ஒன்றாக வைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றார் அக்கா.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பெண்ணின் குரலைத் தெருவில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டோம்.

"பழத்து மேல ஏறித்தான போகணும், பெரியம்மா? இப்பவும் ஏறித்தான் போகப் போகுது." அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "மாமா, கோயிலு பின்பக்கம்லா இருக்கு. முதல்ல சாமி பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு, பொறவு தொழிலுக்குப் போகட்டும்."

அண்ணாச்சி கிழக்கே திரும்பிப் பார்த்தார். வீடுகளுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு, கோயில் பக்கம் போகக்கூடாது என்று யாராவது வாதாட முடியுமா? அந்தோணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

இதுவரை சொன்னது வெறும் பழி. இப்போது பூஜைப் பழத்தில் அவளே கை வைத்து இடம் மாற்றியிருக்கிறாள். லாரி இனியும் நகராவிட்டால் தீபாவளி வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள், அன்றைய சாயங்கால பஸ்ஸிலேயே ஏற்றிவிடுவார்கள். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. புதிதாகக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். இரண்டாவது தீக்குச்சியில்தான் பற்றியது.

அதுவரை ஆளோடு ஆளாக நின்ற குமாரசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் லாரியின் முன்பக்கத்தில் தோளைக் கொடுத்தான். அம்மாவையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. அந்தப் பையனை எனக்குப் பிடித்தது அன்றைக்குத்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் முன்னால் வந்தார்கள்.

ரிவர்ஸ் கியர் விழுந்தது. லாரி இந்தத் தடவை முன்பக்கமாகக் குந்தி... என்ஜின் நின்றுவிட்டது.

"பாத்தியளா" என்று அக்கா ஆரம்பித்தார். அந்தோணி அவரை முடிக்க விடவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சைச் சட்டென்று விட்டு ஓர் உதறு உதறினார். பின்சக்கரத்துக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். உடனே அடுத்த சக்கரத்திலிருந்து இன்னொரு 'டொக்'. லாரி துள்ளிக்கொண்டு பின்னால் போயிற்று. நாலு பழமும் சட்னி.

தோள் கொடுத்திருந்த குமாரசாமி பிடிமானம் இல்லாமல் புழுதியில் குப்புற விழுந்தான். அவனை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் லாரிதான் பெரிதாக இருந்தது, அவன் மனைவி ஒருத்தியைத் தவிர.

பின்சக்கரத்துச் சந்தனத்தின்மேல் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. துருத் தண்ணீர். ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்த அந்தத் தண்ணீர் ஒரு கரண்டிகூடத் தேறாது.

லாரி கோயில் வரை பின்னாலேயே போய், அங்கே கியரை மாற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி மேற்கே போயிற்று. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயில் அம்மன்தான் முதலில் தன் பக்கம் வரச்சொல்லிப் பிடித்து வைத்திருந்தாளாம், நமக்குத்தான் விளங்கவில்லையாம். நான் மறுத்துப் பேசவில்லை. ஆவுடை மேலிருந்து பழி இறங்கியதே... அம்மன் தாங்கிக்கொள்வாள்.

ஒரு சாமான் மக்கர் செய்தால் அதைத் திறந்து பார்க்க நமக்குப் பொறுமை இல்லை. திறக்க ஸ்பானர் வேண்டும், கையில் கறை படும். யார் முகத்தில் விழித்தோம், யார் கை பட்டது, யார் வந்த நேரம் என்று ஆளைத் தேடுவதற்கு ஒரு செலவும் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம். அதிலும் எதிர்த்துப் பேசாத ஆளாகப் பார்த்துத்தான் தேடுகிறோம். உங்கள் வீட்டில் பால் திரிந்தபோது யார் பெயரைச் சொன்னீர்கள்? சும்மா கேட்கிறேன்.

நேற்று மதினி சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தலைதீபாவளிக்கு இரண்டு பேரும் போகிறார்களாம், அதுவும் லாரியிலேயே. அண்ணாச்சியே கூடப் போய் விட்டுவிட்டு வருகிறாராம். சொல்லும்போது மதினி முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அவர்மேல் இருந்த கோபமும் போய்விட்டது.

ஐப்பசி மழைக்கு வழியில் ஓடையெல்லாம் தண்ணீர் போகுமே, சக்கரம் நனையாமல் போய்ச்சேர முடியாதே என்று கேட்டேன். மதினி சிரித்தார். அதற்கும் மருமகள் இப்போதே சொல்லி வைத்துவிட்டாளாம். ஊரில் கொண்டுபோய் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கைத் தொடக்கூடாது, சக்கரத்துக்குக் கல்தான் அண்டக் கொடுக்க வேண்டும்.

கல் தயார். அண்ணாச்சி அதற்குச் சந்தனம் வைத்துவிட்டார்.