அப்பாவின் இன்ஜினும் நீலச் சிலிண்டரும்

1. சனிக்கிழமை மதியம் அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும், அவர் காரிலிருந்து இன்ஜினை இறக்கினோம்.

2. அதை அண்ணனின் ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றினோம்.

3. இருக்கைக்குப் பின்னால் நைட்ரஸ் சிலிண்டரைக் கட்டினோம். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, சற்றுப் பின்தள்ளினோம்.

4. ஞாயிறு காலை முதல் ஆராதனை முடிந்ததும் பந்தயத்துக்குப் புறப்பட்டோம்.

5. அங்கே அண்ணன் சிலிண்டர் சாவியைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

6. அன்று மாலையே இன்ஜினைத் திரும்ப அப்பாவின் காரில் வைத்தோம்.

எங்கள் வீட்டில் கார் இரண்டு, இன்ஜின் ஒன்று. இரும்புலியூரில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதில்லை. அப்பாவின் கார் நான்கு கதவுள்ள குடும்பக் கார். அதே மாதிரி கார் ஒன்று விபத்தில் நொறுங்கிக் கிடந்தபோது, அண்ணன் அதன் அடிச்சட்டத்தை மட்டும் கொண்டுவந்தான். மேலே மெல்லிய தகட்டில் இரண்டு பேர் உட்காரும் உடலைக் கட்டினான். மேற்கூரை இல்லை, பின்கதவு இல்லை, எடையும் இல்லை. பார்க்க அசல் ஸ்போர்ட்ஸ் கார்தான். இன்ஜின் மட்டும் கிடைக்கவில்லை. அடிச்சட்டம் ஒன்றே என்பதால் அப்பாவின் இன்ஜின் அதில் அப்படியே உட்கார்ந்தது. கார் ஷெட்டின் முன்னால் மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, எடை தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினால் போதும். அண்ணன் சங்கிலியை இழுப்பான். நான் படுத்து போல்ட்டுகளைப் பார்ப்பேன்.

அப்பா கிண்டியில் ஓர் அலுவலகத்தில் மேலாளர். வழியில் குரோம்பேட்டையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போவார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"திங்கட்கிழமை காலைல என் இன்ஜின் என் வண்டியில இருக்கணும். எப்படி எடுத்தீங்களோ அப்படியே. ஒரு தடவை உடைச்சீங்கன்னா அந்தத் தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

அவர் சொன்னால் செய்வார்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே வரும் வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பத்திரிகை ஒன்றில்தான் நைட்ரஸ் பற்றிப் படித்தேன். விஷயம் எளிது. ஆபரேஷன் அறையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் அதே வாயு. இன்ஜினுக்குள் போனால் சூட்டில் பிரிந்து ஆக்சிஜன் தரும். ஆக்சிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். அதிகம் எரிந்தால் அதிக வேகம். ஆனால் வாயு கூடி, பெட்ரோல் அதற்கேற்பக் கூடாவிட்டால், தீ அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். ஆகவே எனக்கு இருந்த வேலை ஒன்றே: வாயுவுக்குத் தக்க பெட்ரோல்.

சிலிண்டருக்காகக் கிண்டியில் ஒரு வாயு விற்பனைக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னை நர்ஸ் என்று நினைத்துவிட்டார்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"ஆஸ்பத்திரி இல்லைங்க. காருக்கு."

"காருக்கா? காருக்கு இன்னாத்துக்கும்மா மயக்க மருந்து? ஆபரேசன் எதுனா பண்றீங்களா?"

"எழுப்பிவிடறதுக்குத்தாங்க."

"தூங்கவெக்கிற காஸ்ல எழுப்பறாங்களாம்" என்று உள்ளே குரல் கொடுத்தார். முதலாளி வெளியே வந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சைன்டிஃபிக் பர்ப்பஸ்னு எழுதிக்கலாம்" என்று மிகச் சிறிய நீலச் சிலிண்டர் ஒன்றைக் கொடுத்தார். அதைத் திறக்கத் தனிச் சாவி ஒன்று உண்டு. அதை நான் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

பொருத்துவது கடினமாக இல்லை. சிலிண்டரிலிருந்து ஒரு செம்புக் குழாய், பெட்ரோல் பம்பிலிருந்து இன்னொரு குழாய். இரண்டும் கார்புரேட்டருக்குக் கீழே இன்ஜினுக்குள் போகும். இரண்டையும் ஒரே நெம்புகோல் திறக்கும். ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஊசித்துளை போட்ட சிறு பித்தளை ஜெட். துளையின் அளவுதான் கணக்கு. பெட்ரோல் ஜெட்டுகளை வெவ்வேறு அளவில் துளைத்து ஒரு மிட்டாய் டப்பாவில் வைத்திருந்தேன். சிலிண்டர் பக்கம் ஓர் அழுத்தமானியையும் வைத்தேன்.

சோதனைக்கு வேளச்சேரி சாலை. சேலையூர் ஏரியைத் தாண்டிவிட்டால் விடியற்காலையில் மாட்டு வண்டிகள்தான் வரும். அவையும் இல்லாத இடத்தில் அண்ணன் நெம்புகோலை இழுப்பான். பிறகு இன்ஜினை உடனே அணைத்து ஓரம் கட்டுவான். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். பால் விட்ட காபி நிறம் வரும்வரை ஜெட்டை மாற்றிக்கொண்டே இருந்தேன். அந்த நிறம் வந்த அன்று, அழுத்தமானியில் ஊசி நின்ற இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன்.

அந்த முறை இன்ஜினைத் திரும்ப வைத்தபோது அண்ணன் நைட்ரஸுக்காகப் பின்தள்ளிய டைமிங்கைப் பழையபடி வைக்க மறந்துவிட்டான். திங்கள் மாலை அப்பா வீட்டுக்குள் நுழைந்து, "பல்லாவரம் மேட்டுல ரெண்டு சைக்கிள் என்னைத் தாண்டிப் போச்சு. பின்னாடி ஒக்காந்திருந்தவர் இறங்கித் தள்ளட்டுமான்னு கேக்கறார்" என்றார். அதற்குப் பிறகு டைமிங்கை நானே பார்த்துக்கொண்டேன்.

அடுத்ததாக நண்பகலில் ஒரு சோதனை செய்தேன். மூடிய சிலிண்டர் வெயிலில் சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறும், அதே துளை வழியாக அதிக வாயு போகும். எதிர்பார்த்தது போலவே ஊசி கோட்டைத் தாண்டி நின்றது. அதற்கு ஒரு பெரிய பெட்ரோல் ஜெட்டைத் தேர்ந்தெடுத்து, மானியில் இரண்டாவது கோடு போட்டேன். காலைக்கு ஒரு ஜெட், மதியத்துக்கு ஒரு ஜெட். இரண்டாவது கோட்டுக்கு மேலே எனக்கு எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் அப்பாவின் இன்ஜினைக் கொண்டுபோக மாட்டேன்.

பந்தயம் நகரத்துக்கு வடக்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில். மரமே கிடையாது. எங்கள் வகைக் கார்களுக்குப் பிற்பகலில் இரண்டு ஓட்டங்கள். கீழ்க்கட்டளையிலிருந்து அண்ணனின் நண்பர் ஒருவர் சிவப்புக் காரில் வந்திருந்தார். எங்கள் இன்ஜினைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், அப்பா ஆபீஸ் போற இன்ஜினா? நல்லா பாரு, டிபன் பாக்ஸ் உள்ளயே கீதான்னு."

"நீ என் பின்னாடி வந்து வாசனை பிடிச்சுக்கோ" என்றான் அண்ணன்.

முதல் ஓட்டத்துக்குச் சற்று முன் மானியைப் பார்த்தேன். தகிக்கும் கான்கிரீட்டின் மேல் திறந்த கார் நின்றிருந்ததால், ஊசி இரண்டாவது கோட்டையும் தாண்டியிருந்தது.

"சாவி குடு" என்றான் அண்ணன்.

"கோட்டுக்கு மேல இருக்கு."

"மேல இருந்தா நல்லதுதானே? இன்னும் தள்ளும்."

"காஸ் தள்ளும். பெட்ரோல் தள்ளாது. பிஸ்டன் போயிடும்."

"ஒரே ஒரு தடவை, திருப்பம் முடிஞ்சு வர்ற கடைசி நேர்ல மட்டும். அவன் எதிர்ல என்னை அசிங்கப்படுத்தாத."

"திங்கட்கிழமை அப்பா ட்ரெயின்ல போவாரா? நீ போய்ச் சொல்றியா அவர்கிட்ட?"

அவன் காரில் ஏறிப் போனான். நைட்ரஸ் இல்லாமல் ஓட்டி, சிவப்புக் காருக்கு மிகவும் பின்னால் வந்தான். இறங்கியதும் ஹெல்மெட்டை இருக்கையில் எறிந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் மைதான ஓரத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்தவரிடம் போய் ஐஸ் கட்டிகள் வாங்கி வந்தேன். சிலிண்டரை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே ஐஸை அடுக்கி, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழ்க்கட்டளைக்காரர் வந்து நின்று பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, கொழந்தைக்கு ஜொரமா?"

"ஆமாண்ணா. இறங்கிக்கிட்டிருக்கு."

உண்மையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஓட்டத்துக்குக் கார்களை அழைத்தபோது ஊசி இரண்டாவது கோட்டின் மேல் சரியாக நின்றது. மிட்டாய் டப்பாவைத் திறந்து மதிய ஜெட்டை மாட்டினேன். ஈரச் சாக்கை அவிழ்க்காமல் அப்படியே விட்டு, தலைப்பின் முடிச்சை அவிழ்த்துச் சிலிண்டரைத் திறந்தேன். சாவியை மறுபடி முடிந்துகொண்டேன்.

"கடைசி நேர்ல மட்டும்தான்" என்றேன்.

"தெரியும்" என்றான் முகத்தைத் திருப்பாமலே.

அவன் சொன்னபடியே செய்தான். கடைசித் திருப்பம் முடிந்து கார் நேரானதும் இன்ஜினின் சத்தம் கனத்தது. சிவப்புக் கார் முன்னால் இருந்தது, பிறகு பக்கத்தில் இருந்தது, பிறகு பின்னால் இருந்தது. வெளிநாட்டு வண்டி ஒன்று எங்களுக்கு வெகு முன்னால் போய் முதலாவதாக வந்தது. அண்ணன் இரண்டாவது. பந்தய முடிவுக் கோட்டைத் தாண்டியதும், நான் சொல்லிக்கொடுத்தபடி, இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டே வந்தான். எல்லோரும் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் காபி நிறம். அவனுக்கும் காட்டினேன். ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

மாலையில் இன்ஜினை மாற்றினோம். டைமிங்கை முன்னுக்குக் கொண்டுவந்தேன். திங்கள் காலை அப்பா காரை எடுத்து வாசலில் நிறுத்தி, இன்ஜின் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"சரியா வெச்சிருக்கியாம்மா?"

"சரியா இருக்குப்பா."

"ஜெயிச்சீங்களா?"

"ரெண்டாவது."

"என் இன்ஜின் ரெண்டாவதா" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போது நிலைமை இது. இன்ஜின் அப்பாவின் காரில் இருக்கிறது, பல்லாவரம் மேட்டைத் தடையில்லாமல் ஏறுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் ஷெட்டில், இன்ஜின் இல்லாமல் இருக்கிறது. சிலிண்டரை நிரப்பிக் கொண்டுவந்து நிழலில் வைத்திருக்கிறேன். தன் சிவப்புக் காருக்கும் இதே அமைப்பை வைத்துத் தரும்படி கீழ்க்கட்டளைக்காரர் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொந்த இன்ஜின் இருப்பதால் அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த பந்தயத்துக்கு அப்பா சம்மதித்துவிட்டார்.