அண்ணைக்கு இரண்டு வடை

விம்பிள்டனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த எழுபது வயதுக்காரரை ‘அங்கிள்’ என்றேன்.

“அண்ணை எண்டு சொல்லும்” என்று முறைத்தார்.

யாழ்ப்பாணத்து வழக்கம் என்று நினைத்தேன். இல்லையாம். அமெரிக்கக் கல்லூரியில் படித்தபோது அவர் ஒரு சகோதரர் சங்கத்தில் இருந்தாராம். அங்கே எல்லோரும் அண்ணன் தம்பிகள்தானாம். விரலில் சங்கத்தின் பெயரைக் கிரேக்க எழுத்தில் பொறித்த மோதிரம். யாருக்குக் கை கொடுத்தாலும் சுண்டுவிரலால் உள்ளங்கையைச் சுரண்டினார். அதுதான் சங்கத்தின் ரகசிய அடையாளமாம்.

“சங்கம் இன்னும் இருக்கா?” என்று கேட்டேன்.

“செத்துப்போச்சு. புதுசா வாற தம்பிமார்தான் அண்ணைமாருக்கு எடுபிடி வேலை செய்ய வேணும். அதுக்குப் பயந்து பிறகு ஒருத்தரும் சேரேல்லை.”

“அப்புறம் ஏன் சுரண்டுறீங்க?”

“ஆராவது திருப்பிச் சுரண்டினால், இன்னும் ஒருத்தன் மிச்சம் இருக்கிறான் எண்டு தெரியுமெல்லோ?” குரல் தழுதழுத்தது.

எனக்குப் பாவமாகிவிட்டது. அவர் கையைப் பிடித்து நானும் சுரண்டினேன்.

தழுதழுப்பு சட்டென்று நின்றது. “சரி தம்பி, இனி நீர் எங்கட ஆள். ஓடிப்போய் ரெண்டு வடை எடுத்துக்கொண்டு வாரும்.”

ஓடினேன். வடை பரிமாறிய அக்கா சிரித்தார். “உங்களையும் சேர்த்திட்டாரோ?”

செத்துப்போன சங்கத்துக்கு லண்டனில் எத்தனை தம்பிகளோ!