கம்மாய்க்கரைத் தெருவின் கேதக் குடம்

கம்மாய்க்கரைத் தெருவில் கம்மாய் கிடையாது. பழங்காநத்தத்தில் அந்தக் கம்மாயின் மேல் வீடுகள் எழும்பி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. குடிதண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறை மாநகராட்சிக் குழாயில் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் தெருமுனையில் இருக்கும் ஆழ்துளைக் கிணறும் அதன் மேல்நிலைத் தொட்டியும்தான். அந்தத் தொட்டியின் வால்வு சாவி தங்கப்பொண்ணுவின் இடுப்பில் தொங்குகிறது.

அவள் பதவி தேடிப் போனவள் இல்லை. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் போட்ட குடும்பத்தில் பிறந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் ராஜபாண்டியைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியூருக்கு அனுப்பியது அந்த மாவுதான். பேச்சு குறைவு, நடை வேகம். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பாள். கஞ்சி குடித்து முடித்ததும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். உட்கார்ந்து உச்சுக்கொட்டுகிற பழக்கம் கிடையாது.

மூன்று கோடைக்கு முன்னால் ஆழ்துளையில் தண்ணீருக்குப் பதில் காற்று வரத் தொடங்கியது. இராத்திரி முழுக்க மோட்டார் ஓடியும் தொட்டி அரைவாசிதான் நிறைந்தது. முதலில் எழுந்தவர்கள் டிரம், அண்டா, குழந்தை குளிக்கும் பேசின் வரை நிரப்பிக்கொண்டார்கள். பிந்தி எழுந்தவர்களுக்கு வசவுதான் மிச்சம். லாரித் தண்ணீர் வாங்கினால் குழாயை யார் பிடிப்பது என்று அடிதடி. ஒரு நாள் இரண்டு பெண்கள் குடத்தாலேயே அடித்துக்கொண்டு, ஒருத்திக்கு நெற்றியில் தையல் போடும்படி ஆனது. அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் தெரு கூடியது.

முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும், சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யாரிடம் என்பதில்தான் இழுபறி. ஜெயினம்பு தங்கப்பொண்ணுவின் பெயரைச் சொன்னதும் நல்லகாமன் துள்ளி எழுந்தார். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் டெப்போவில்தான் இருந்தது.

"மாவுக்காரிகிட்டயா? தெருவுலயே அம்புட்டுத் தண்ணியும் அவதான் ஊத்துறா! அவகிட்டப் போயி சாவியா?"

"அதுனாலதாண்ணே குடுக்கச் சொல்றேன்" என்றாள் ஜெயினம்பு. "அளவுக்கு மேல எடுத்தா கூடக் காசுன்னு வச்சா, முத ஆளா யாரு கட்டணும்? அவதான?"

தெரு சிரித்தது. தங்கப்பொண்ணுவும் சிரித்தாள். சாவி அவள் கைக்கு வந்தது.

சட்டம் எளிமையானது. ஒரு நாள் வடக்கு வரிசை, மறுநாள் தெற்கு வரிசை. வீட்டுக்கு எட்டுக் குடம் மாதச் சந்தாவில் அடக்கம். அதற்கு மேல் எடுத்தால் குடத்துக்குத் தனிக் காசு. எடுக்க எடுக்க விலை ஏறும். வசூலாகும் பணம் மோட்டார் பழுதுக்கும் லாரித் தண்ணீருக்கும். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கல்யாணம் என்று வீட்டில் விசேஷம் வந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்லி, சொந்தச் செலவில் லாரி வரவழைத்துக்கொள்ள வேண்டும். தொட்டியைத் தொடக்கூடாது.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் தங்கப்பொண்ணு. "கேதம் விழுந்தா என்ன செய்யிறது? அதுக்கு ஒரு வாரம் முன்னால சொல்ல முடியாதுல்ல."

நல்லகாமனின் மனைவி சின்னத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நல்ல காரியம் பேசுற எடத்துல என்னாத்தா பேச்சு இது? போயி வாயக் கழுவு."

"கழுவத் தண்ணி?" என்றார் பின்னாலிருந்து ராஜபாண்டி.

சிரிப்பில் அந்தப் பேச்சு கரைந்துபோனது. சாவு என்கிற சொல்லைக் கோயில் வாசலில் வைத்து எழுத யாருக்கும் மனசு வரவில்லை. பெயிண்டர் தொட்டிச் சுவரில் நாலு சட்டத்தை மட்டும் நீல எழுத்தில் எழுதிவிட்டுப் போனான்.

முதல் மாதம் கூடுதல் காசு கட்டியதில் தங்கப்பொண்ணுவே முன்னணி. இரண்டாம் மாதம் அவள் கழுவுகிற முறையை மாற்றினாள். உளுந்தைக் கடைசியாக அலசிய தெளிந்த தண்ணீரை எடுத்து வைத்து, அடுத்த ஈடு அரிசிக்கு முதல் தண்ணீராக ஊற்றினாள். அரிசி கழுவிய தண்ணீரைப் பால்காரர் மாட்டுக்கு எடுத்துப் போனார். மூன்றாம் மாதம் அவள் கட்டிய கூடுதல் காசு பாதியாகக் குறைந்தது. அதைப் பார்த்து நாலு வீடுகள் தங்கள் வீட்டுச் செலவைக் கவனிக்க ஆரம்பித்தன.

அடுத்து அவள் கண் போட்டது ஜெயினம்பு வீட்டுப் பின்கட்டுக் கிணற்றின் மேல். உப்புக் கிணறு. ஜெயினம்புவின் கணவர் அப்துல் அலீம் அதை மூடி ஒரு அறை கட்டக் கல்லும் மணலும் இறக்கியிருந்தார்.

"மூடாதீங்க பாய்" என்றாள். "பக்கத்து நாலு வீட்டு மொட்டை மாடித் தண்ணியையும் குழாய் வச்சு இதுல விடுவோம். உப்பு குறைஞ்சா குளிக்க ஆகும்."

"ரூம் கட்டணும்னு வீட்ல ஒரே பிடிவாதம்மா" என்று மனைவியைப் பார்த்தார் அலீம்.

"ரூம் எங்கயும் போகாது. கிணத்த ஒருக்கா மூடுனா மூடுனதுதான்" என்று ஜெயினம்பு அந்த நிமிஷமே கட்சி மாறினாள்.

குழாய் போடும்போது நல்லகாமன் வாசலில் நின்று கேலி செய்தார். "உப்புக் கிணத்துல மழைத்தண்ணிய ஊத்தி சர்பத்து போடப் போறாளாம் நம்ம தண்ணி தாசில்தாரு! பாய் வீட்டுக் கிணத்துல எவன் போயிக் குளிக்கப் போறான்?"

'தண்ணி தாசில்தாரு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த தையில் நல்லகாமனின் பேரனுக்குக் காதுகுத்து. அவர் லாரி சொல்ல மறந்து, அன்று காலையில் வந்து வால்வைத் திறக்கச் சொன்னார். தங்கப்பொண்ணு மறுத்தாள். அவசரத்தில் இரட்டை விலை கொடுத்து லாரி பிடித்தார். அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. சின்னத்தாய் மட்டும் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுப் பஸ்ஸு இன்னும் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்குத்தா" என்று சிரிப்பாள்.

அந்தச் சின்னத்தாய் இந்த வைகாசியில் இறந்துபோனாள். சர்க்கரை வியாதி, கால் புண், பிறகு சிறுநீரகம். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றது.

தங்கப்பொண்ணு உள்ளே போய், மதினி என்று முறை வைத்துக் கூப்பிட்ட சின்னத்தாயின் கண்ணை மூடினாள். தாடையைத் துணியால் கட்டினாள், கால் விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். ஐஸ் பெட்டிக்குப் போன் போடச் சொன்னாள். அழுகை பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று எந்த வரிசைக்கும் தண்ணீர் இல்லை; தெற்கு வரிசையின் முறை மறுநாளைக்குத் தள்ளிப்போயிருந்தது. முந்தின நாள் மோட்டார் மக்கர் செய்ததில் தொட்டியில் இருந்தது மறுநாள் தெற்கு வரிசைக்கு மட்டும்தான் காணும். லாரிக்காரர்கள் எல்லோரும் நாளை மறுநாள் என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். குடிக்க, கை கால் கழுவ, உடலைக் குளிப்பாட்ட, எடுத்த பிறகு வீடு கழுவ, சுடுகாடு போய் வருகிறவர்கள் தலை முழுக, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். சட்டத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. தெரு முழுக்க அவள் இடுப்பைப் பார்த்தது.

மத்தியானத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து மகன் ஜெயபாண்டி வந்து சேர்ந்தான். அம்மாவின் கால்மாட்டில் விழுந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தான்.

"அத்தே, சாவியக் குடுங்க."

"தர மாட்டேன்யா."

"எங்காத்தா அங்க கெடக்கு அத்தே! குளிப்பாட்டக்கூடத் தண்ணி இல்லன்னு சொல்ல வைக்கிறீங்களா? பூட்ட உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"உடைக்கலாம். நாளைக்குத் தெக்கு வரிசைக்கு என்ன செய்வ? ஜெயினம்பு மக சுஃபியா பிள்ளை பெத்துத் தாய் வீட்டுக்கு வந்துருக்கா, பச்சை உடம்பு. அழகுமலை அண்ணன் படுக்கையோட கெடக்காரு. ஒரு நாளைக்கு எத்தனை துணி அலசுறாங்கன்னு அவரு சம்சாரத்தக் கேளு. அவுகளையும் பாக்கணும்ல?" என்றவள், குரலைத் தணித்தாள். "உங்காத்தா தண்ணியில்லாமப் போக மாட்டா. ஒரு மணி நேரம் பொறு. நான் வாரேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குப் போனாள். மறுநாள் மாவுக்காகப் பிடித்து வைத்திருந்த ஐந்து குடமும் வரிசையாக மூடிக் கிடந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு 'மாவு இல்லை' என்று சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டினாள். ஒரு குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மீதியை ராஜபாண்டியைத் தூக்கி வரச் சொல்லி, கேத வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். திரும்பும் வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்றாள்.

"கேதத்துக்குக் கோடித் துணி எடுத்துட்டுப் போறோம்ல? இன்னைக்கு அதுகூட ஒரு குடம் தண்ணி. உங்க வீட்டுப் பங்குலருந்து. முடிஞ்சவுக தாங்க."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் குடம். ஒரு வீட்டில் குடம் இல்லாமல் குக்கரில் கொண்டு வந்தார்கள். நெற்றியில் தையல் போட்டவளும், அன்று அவளை அடித்தவளும் ஒரு டிரம்மை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அழகுமலையின் மனைவி அரைக் குடம் கொண்டு வந்தாள். தங்கப்பொண்ணு அதைத் திருப்பித் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"குளிக்கிறதுக்கும் கழுவுறதுக்கும் எங்க கிணறு இருக்கு" என்றாள் ஜெயினம்பு. அலீம் பின்கட்டில் கிடந்த சாமான்களை ஒதுக்கி, கதவை அகலத் திறந்து வைத்து மோட்டாருக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மழைக்காலத்துத் தண்ணீர் இறங்கிய கிணறு. உப்பு முழுக்கப் போகவில்லை. கண் எரியாத அளவுக்குக் குறைந்திருந்தது.

ஊரிலிருந்து வந்திருந்த பங்காளி பால்பாண்டிதான் தயங்கினார். "குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஆத்துக்குல்ல போகணும்? பாய் வீட்டுக் கிணத்துலயா எடுக்கிறது?"

"ஆத்துல எங்கண்ணே தண்ணி கெடக்கு? மணல அள்ளிட்டு வரவா?" என்றாள் தங்கப்பொண்ணு.

அவர் நல்லகாமனைப் பார்த்தார். காலையிலிருந்து நாற்காலியிலேயே இருந்த நல்லகாமன் எழுந்து வாசலுக்கு வந்தார். வரிசையாக இருந்த குடங்களைப் பார்த்தார். கோடியிலிருந்து கோடி வரை நடந்து, ஒவ்வொன்றும் யார் வீட்டுக் குடம் என்று தெரிந்தவர் போல நின்று நின்று பார்த்தார். மாவு சிந்திக் காய்ந்த ஐந்து குடத்தின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"சாவி எங்கத்தா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் சொல் அது.

"இடுப்புல இருக்குண்ணே. வேணுமா?"

அவள் கை சாவி மேல் போனது. மனைவியை இழந்த மனுஷன் தெரு நடுவில் கையை நீட்டினால் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால் அந்தச் சாவிக்கும் சட்டத்துக்கும் இனி மரியாதை கிடையாது.

"வேணாம். அங்கனயே இருக்கட்டும்" என்றார் அவர். பிறகு மகன் பக்கம் திரும்பினார். பழைய டெப்போக் குரல் வந்துவிட்டது. "டேய், டேங்கத் திறந்தா அது குழாய்த் தண்ணிடா. உங்காத்தாளுக்குத் தெருவே குடமெடுத்து வந்துருக்கு. எடுறா சொம்ப. பாய் வீட்டுக்குப் போ."

கொட்டு முன்னால் போக, தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடிக்க, மகனும் மருமகனும் அலீம் வீட்டுப் பின்கட்டில் நீர்மாலை எடுத்து வந்தார்கள். அந்தத் தண்ணீரை முதலில் ஊற்றி, சின்னத்தாயைத் தெருக்காரர்களின் குடத்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் அதே கிணற்றடியில் வரிசையாகத் தலை முழுகினார்கள். முழுகிய தண்ணீர் அலீமின் தென்னைக்குப் போனது. இரண்டு குடம் மிஞ்சியது. தங்கப்பொண்ணு அதை அழகுமலை வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மதினிக்காக அழுதாள்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குத் தெற்கு வரிசைக்கு வால்வு திறந்தது. வீட்டுக்கு எட்டுக் குடம், குறையாமல். சுஃபியாவின் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அது அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டது. வால்வடியில் நின்ற தங்கப்பொண்ணு அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.

கருமாதிக்கு நல்லகாமன் பத்து நாள் முன்னாலேயே லாரிக்குச் சொல்லிவிட்டார். அது முடிந்த பிறகு கோயில் வாசலில் தெரு மறுபடியும் கூடியது. ஐந்தாவது சட்டத்தை அவரே எழுந்து சொன்னார். கேதம் விழுந்தால் வீட்டுக்கு ஒரு குடம். குளிப்புக்கும் கழுவலுக்கும் அலீம் வீட்டுக் கிணறு. மோட்டார் கரண்டுச் செலவு சந்தாப் பணத்தில்.

பெயிண்டர் தூரிகையைத் தூக்கிக்கொண்டு தயங்கினான். "அந்த வார்த்தைய அப்புடியே போட்டுரவா? துக்க காரியம், கிக்க காரியம்னு நாசுக்கா..."

"கேதம்னே எழுது. எழுதாம விட்டதால வராமயா போச்சு?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார் நல்லகாமன்.

போன வாரம் பசுமலைப் பக்கமிருந்து ஒரு குடியிருப்புச் சங்கத்தார் நாலு பேர் சட்டத்தைப் பார்க்க வந்தார்கள். தங்கப்பொண்ணு உளுந்து அலசிக்கொண்டிருந்ததால் எழுந்து வரவில்லை. வந்தவர்களைத் தொட்டியடிக்கு நடத்திப் போய், ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டு விளக்கியவர் நல்லகாமன்தான். கடைசி வரிக்கு வந்ததும் அவர்களில் ஒரு பெண் முகம் சுளித்தாள்.

"இதப் போயி சுவத்துல எழுதி வச்சிருக்கீங்களே?"

"நாங்க கடைசியா எழுதுனோம்மா. நீங்க மொதல்ல எழுதுங்க" என்றவர், மாவுக்கடை இருந்த பக்கம் திரும்பித் தெரு அதிரக் கூப்பிட்டார். "ஏத்தா தாசில்தாரு! வெளியூர்லருந்து ஆள் வந்துருக்கு, கையக் கழுவிட்டு வா!"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "கழுவுன தண்ணி அடுத்த ஈட்டுக்கு வேணும்ணே. இருக்கச் சொல்லுங்க, வாரேன்."