கறுப்புத் திராட்சையும் மல்லிகாவின் மாத்திரையும்

கோவிந்தராஜன் தன் வேலையைப் பற்றி வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. பேசினால் மட்டும் யார் கேட்கப் போகிறார்கள்? மராட்டியப் பக்கம் பிம்ப்ரியில் ஒரு தனியார் மருந்து ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். எலியின் பெரிய ரத்தக்குழாயை வளையம் வளையமாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்து ஊற்றினால் சுருங்குகிறதா, தளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாணமாகிக் கோயமுத்தூரிலிருந்து பிம்ப்ரிக்குப் பக்கத்துத் தாபோடிக்கு வந்த புதிதில் மல்லிகா ஒருமுறை ஆசையாக விசாரித்தாள். எலி என்று காதில் விழுந்ததுமே தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அதோடு சரி.

தொண்ணூற்றொன்பதில் ஆய்வுக்கூடத்துக்குள் திராட்சை வந்தது. கறுப்புத் திராட்சையின் தோலையும் கொட்டையையும் அரைத்து வடித்த சாற்றைச் சுருங்கிக் கிடந்த குழாயின் மேல் சில சொட்டு விட்டார். குழாயின் இறுக்கத்தைத் தாளில் கோடாகப் போட்டுக்கொண்டிருந்த கருவியின் பேனா மெல்ல இறங்கியது. குழாய் தளர்ந்துவிட்டது! குழாயின் உள்சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு ஊற்றினால் தளரவில்லை. ஆக, திராட்சையின் துவர்ப்பில் இருக்கிற ஏதோ ஒன்று அந்தச் சவ்வைத் தூண்டிவிடுகிறது, சவ்வு குழாயைத் தளர்த்துகிறது. மேலதிகாரி மேடம் சந்தோஷப்பட்டார், ஆனால் எச்சரிக்கவும் செய்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் நடப்பது வேறு; தின்று, செரித்து, ரத்தத்தில் கலந்த பிறகு என்ன மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது என்றார். கோவிந்தராஜனும் நன்றாகத் தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டு வந்த மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

மல்லிகாவுக்கு அப்போதே ரத்தக்கொதிப்பு உண்டு, தினமும் ஒரு மாத்திரை. அன்று சாப்பிடும்போது, "திராட்சைத் தோலும் கொட்டையும் போதும் மல்லிகா, ரத்தக்குழாய் அப்படியே இளகிப் போகுது. நானே கண்ணால பாத்தேன்" என்றார். மேடம் சொன்ன மிச்சத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கதை சப்பென்று போய்விடுமே! மல்லிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள். அவர் வேலையைப் பற்றி அவள் அப்படி வாயைப் பிளந்து கேட்டது அதுதான் முதல் தடவை. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே தள்ளுவண்டிக்காரனிடம் போய் நின்றாள். ஊரே விதையில்லாத பச்சைத் திராட்சைக்கு அலைகிறபோது, இந்த அம்மாள் மட்டும் ஏன் கொட்டை போட்ட கறுப்பைக் கேட்கிறாள் என்று அவனுக்கு வியப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொட்டையைக் கடித்து மென்றாள். கட்டடத்தில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களிலும், "எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்சதுங்க" என்று சொல்லி வைத்தாள். அவர் கூச்சப்பட்டார். ஆனால் மறுக்கவில்லை.

அந்த மாத்திரை மல்லிகாவுக்கு முதலிலிருந்தே ஆகாது. கால் வீங்கி, மெட்டி விரலைக் கடிக்கும். திராட்சை தின்ன ஆரம்பித்த பிறகு ஒரு நாள் பாதத்தை நீட்டிக் காட்டினாள். "பாருங்க, வீக்கமெல்லாம் வத்திப் போச்சுங்க." அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வீக்கம் அந்த மாத்திரையால் வந்தது, அது வற்றினால் மாத்திரை நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? மருந்துகளோடேயே காலம் தள்ளிய ஆளுக்கு இதுகூடவா தட்டுப்படாது? தட்டுப்படவில்லை. மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜின் மேல் பிரிக்காமல் கிடந்தது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் அவள் திராட்சை மெல்லும் அழகுதான்.

வெயில் ஏற ஏற வண்டியில் திராட்சை குறைந்தது, விலை ஏறியது, அவளும் வாங்குவதை விட்டாள். மே மாதத்தில் ஒரு காலை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கை தொய்ந்து விழுந்தது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். மகள் ப்ரீத்தி வீட்டுக்கு ஓடிப்போய் அந்த அட்டையை எடுத்து வந்தாள். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் டாக்டர். கால் வீக்கம் ஏன் வற்றியது என்று கோவிந்தராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது.

உயிர் தப்பியது. வலது கை திரும்பவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். வந்தது; சொல்லவில்லை. அவளுக்குத் தலை சீவிவிட்டார், புடவை கட்டப் பழகினார், மாத்திரையை வேளை தவறாமல் தன் கையால் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு பேச்சை எடுக்க மட்டும் நாக்கு வரவில்லை. வருஷங்கள் ஓடின. பாவம், ரொம்பத்தான் தவித்தார்.

இரண்டாயிரத்து நாலில், ஐடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ப்ரீத்தி ஒரு புட்டி வாங்கி வந்தாள். உள்ளே திராட்சைக் கொட்டைச் சாறு அடைத்த மாத்திரைகள். நெட்டில் படித்தாளாம், ரத்தக்குழாய்க்கு நல்லதாம். மல்லிகாவின் பாதி முகம் மலர்ந்துவிட்டது.

"உங்கப்பா... அப்பவே சொன்னாரு" என்றாள்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. ப்ரீத்தியை வைத்துக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னது பாதிதான் மல்லிகா. அது கண்ணாடிக்குள்ள நடந்தது. உடம்புக்குள்ள அப்படியே நடக்கும்னு யாரும் சொல்லல. மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது. உன்கிட்ட பெருமை அடிச்சுக்கறதுக்காக அதை நான் சொல்லாம விட்டுட்டேன். உன் கை போனது என்னாலதான்."

மல்லிகா இடது கையால் அவர் கையைப் பிடித்தாள். சொல் சொல்லாகத்தான் வந்தது.

"நீங்க சொன்னது... சரிதானுங்க. வெலை ஏறிப் போச்சுன்னு... நாந்தான் நிறுத்திப் போட்டேன். விடாம தின்னிருக்கோணும். என்ற தப்புங்க."

இல்லவே இல்லை என்றார். மேடம் சொன்னதைச் சொன்னார், கால் வீக்கம் வற்றிய கதையைச் சொன்னார், அழுதார். அவள் சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி அவள் நம்ப மறுத்தது இந்த ஒன்றைத்தான்.