கழுகுக் கண்

ஆய்வகத்தில் அவளுக்குக் கழுகு என்றுதான் பெயர். ஒற்றைக் குழல் மைக்ரோஸ்கோப்பில், இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணை வைத்தாளானால், மலத்தில் ஒளிந்திருக்கும் ஒற்றைப் புழு முட்டைகூடத் தப்பாது. அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? வருகிறவர் போகிறவரெல்லாம் ஏற்றிவிட்டதுதானே.

மகளுக்கு ஐந்து வயது. பள்ளி விட்டதும் ஆய்வகத்துக்கு வந்து, அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதை வேடிக்கை பார்ப்பாள். மாடிப்படிக்கு அடியில் தெருநாய் ஒன்று குட்டி போட்டதிலிருந்து பிள்ளைக்கு அங்கேதான் குடித்தனம். குட்டிகளோடு மண்ணில் புரண்டுவிட்டு அதே கையை வாயில் வைப்பாள். காய்ச்சலும் இருமலும் மாறி மாறி வந்தன. ரத்தத்தில் ஒருவகை வெள்ளை அணு ஏகத்துக்கு ஏறியிருப்பதை ஆய்வக டாக்டர் பார்த்தார்.

"நாய்ப்புழுவா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கும்மா. ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பிப் பாத்துடலாமா?"

"நான் இருக்கும்போது பெரிய லேப் எதுக்கு சார்?"

மலத்தை அவளே பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். முட்டை இல்லை. "சுத்தமா இருக்கு சார். வெறும் அலர்ஜிதான்" என்றாள். கழுகே சொன்ன பிறகு அவர் ஏன் ரத்தத்தை அனுப்பப் போகிறார்?

கொஞ்ச நாளில் பிள்ளை டிவி பார்க்கும்போதெல்லாம் இடது கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். வீடே சிரித்தது.

"குட்டிக் கழுகைப் பாருங்க! அப்படியே அம்மாவை உரிச்சு வெச்சிருக்கு" என்றான் அப்பன். வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டச் சொன்னார்கள். அவளும் செய்தாள்.

அந்த இடது கண்மணியில் வெள்ளை தெரிந்த பிறகுதான் கண் டாக்டரிடம் ஓடினார்கள். ரத்தமும் அப்போதுதான் பெரிய லேபுக்குப் போனது.

"நாய்ப்புழுதான். குட்டிப் புழு கண்ணுக்குள்ள போய் விழித்திரையைக் கெடுத்துடுச்சு. இந்தக் கண்ணுல இனி பார்வை வராதும்மா."

"மலத்துல முட்டையே இல்லையே டாக்டர். நானே பாத்தேன்."

"எப்படி இருக்கும்? மனுஷ உடம்புல அது பெரிசாகாது, முட்டையும் போடாது. குட்டியாவே உள்ளுக்குள்ள சுத்தும். ரத்தத்துலதான் தேடணும்."

வீட்டுக்கு வந்ததும் மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "கண்ணு தெரியலன்னு ஏன்டி அம்மாகிட்ட சொல்லல?"

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. "உனக்கும் அந்தக் கண்ணு தெரியாதுன்னுதானேம்மா நெனச்சேன்."